மலைச்சரிவையும் கடன் கணக்கில் எழுதுங்கள்

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் இலங்கையில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மாத்தளை மாவட்டத்துக்கும் பலத்த அடி. அங்குள்ள யட்டவத்த போன்ற மலைப்பாங்கான பிரதேசங்களில் மிளகும் கராம்பும் தேயிலையும் சரிவு நிலத்தில்தான் வளர்கின்றன. கிளிசரிடியா மரத்தைப் பற்றிப் படரும் மிளகுக்கொடி காய்க்க மூன்று வருடமாவது ஆகும். மண் சரிந்தால் கொடி, மரம், மேல்மண் எல்லாம் ஒரே இரவில் போய்விடும். மறுபடி நட்டாலும், காய்க்கும்வரை அந்தக் குடும்பம் எதை வைத்துச் சீவிக்கும்?

புயலின் நேரடிச் சேதம் 410 கோடி டொலர் என்கிறது உலக வங்கி; மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 4 சதவீதம். சர்வதேச நாணய நிதியம் டிசம்பரில் அவசர உதவியாகத் தந்தது சுமார் 20.6 கோடி டொலர். அதுவும் கடன்தான்.

ஏற்கெனவே 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்த நாடு இது. 2023 மார்ச்சில் தொடங்கிய நிதியத்தின் திட்டப்படி, வட்டி நீங்கலான செலவைவிட அரசாங்க வருமானம் உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும். கடனை அடைக்க இது தேவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் இந்த இலக்கை எட்டச் செலவைக் குறைக்கும்போது சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் கைவைப்பது கடினம்; வடிகாலையும் தடுப்புச் சுவரையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைப்பது எளிது. மழை அப்படித் தள்ளிப்போகாது.

டொலர் நெருக்கடியும் நிலமும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதை 2021-லேயே பட்டு அறிந்தோம். டொலர் தட்டுப்பாட்டின் நடுவே இரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தியதில் விளைச்சல் சரிந்தது. சில மாதங்களிலேயே தடையை விலக்க நேர்ந்தது.

இப்படிக் கடனுக்கும் பேரிடருக்கும் நடுவே சிக்கிய கரீபியன் தீவு நாடான கிரெனடா வேறு வழி கண்டது. 2015 கடன் மறுசீரமைப்பில் சூறாவளிப் பிரிவொன்றைச் சேர்த்துக்கொண்டது. 2024-இல் பெரில் சூறாவளி தாக்கியதும் பத்திரத் தவணைகளை ஒப்பந்தப்படியே ஒத்திவைத்தது. 2024 டிசம்பரில் பழைய கடன் பத்திரங்களுக்குப் பதிலாக இலங்கை கொடுத்த புதிய பத்திரங்கள் சிலவற்றில், பொருளாதார வளர்ச்சிக்கேற்பத் தொகை கூடவும் குறையவும் இடமுண்டு. வளர்ச்சியை எழுத முடிந்தவர்களால் புயலையும் எழுத முடியும்.

புயலுக்குப் பின் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ், ஜயதி கோஷ் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட பொருளியலாளர்கள் இலங்கையின் வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்திவைக்கக் கோரினார்கள். திறைசேரி அதைக் கடன்காரர்களிடம் உரத்துக் கேட்க வேண்டும். மலைச்சரிவுகளைப் பாதுகாக்கும் செலவை எந்த வெட்டும் தொடாதபடி வரவு செலவுத் திட்டத்தில் தனியே ஒதுக்கவும் வேண்டும்.