பாட்டின் வழியே இசைப் பாடம்

குழந்தை தாய்மொழியைக் கற்கும் முறையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். எழுத்துக்களை அறிந்துகொண்டு அது பேசத் தொடங்குவதில்லை. பேசப் பழகிய பின்னரே எழுத்துக்களின் பெயர்களை அறிகிறது. இசைக்கும் இதுவே இயல்பான வழி என்பது ஆசிரியப் பணியில் நான் கண்ட உண்மை.

கருநாடக இசையின் தொடக்கப் பாடங்களை வகுத்தவர் என்று புரந்தரதாசரைப் போற்றுகிறோம். மாயாமாளவகௌளை இராகத்தில் ஸரளி வரிசை, ஜண்டை வரிசை முதலியவற்றைப் பயின்ற பிறகே மாணவன் சொற்களோடு கூடிய கீதத்திற்கு வருகிறான். வீட்டில் குருவின் எதிரே அமர்ந்து பயில்வோருக்கு இது சிறந்த முறை. ஆனால், பள்ளி வகுப்பில் நாள்தோறும் ஸ்வரங்களையே சொல்லச் செய்தால் சிறுவர்களின் ஆர்வம் வாடிவிடும்.

ஆகவே, மலஹரி இராகத்திலுள்ள எளிய கீதம் ஒன்றை முதலில் செவிவழியாகவே பாடச் செய்வேன். அது மனத்தில் பதிந்ததும், "ஏறும்போது எத்தனை படி? இறங்கும்போது எத்தனை?" என்று கேட்பேன். சிறுவர்கள் மெல்லப் பாடி, விரல்விட்டு எண்ணுவார்கள். ஸ ரி ம ப த ஸ என ஏறுகையில் 6. ஸ த ப ம க ரி ஸ என இறங்குகையில் 7. ஏறும்போது ஒளிந்திருந்து இறங்கும்போது வெளிப்பட்ட அந்த ஒலிக்குக் காந்தாரம் என்று பெயர் என்பேன். அப்பெயரை அவர்கள் பின்னர் மறப்பதில்லை. ரூபக தாளமும் அவ்வாறே. ஒரு தட்டு, ஒரு வீச்சு; மீண்டும் ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை. கை பழகிய பின், முன்னது துருதம், பின்னது லகு, ஆக 6 அக்ஷரம் என்று விளக்கினால் போதும்.

இங்கே என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். பணியேற்ற புதிதில், சுருதி சேராமல் பாடிய சிறுவன் ஒருவனை, "நீ வாயை மட்டும் அசை" என்று பணித்தேன். அவனும் பணிந்தான். சில திங்கள் கழித்து, புளியமரத்தடியில் அதே பாட்டை அவன் தன் தம்பிக்குப் பிழையின்றிப் பாடிக் காட்டுவதைக் கேட்டுத் திகைத்தேன். நான் என் குரலுக்கு இசைந்த 1 கட்டையில் தொடங்குவது வழக்கம். அவன் பாடியதோ 5 கட்டையை ஒட்டியிருந்தது. என் ஸ்தாயி அவனுக்கு எட்டாத தாழ்வு. அதற்கு மேல் ஸ்தாயியோ எட்டாத உயரம். இரண்டிற்கும் நடுவே தவித்த குரலைத்தான் நான் குறையென்று கருதினேன். மறுநாள் அவனை அழைத்துப் பாடச் சொன்னேன். தலைகுனிந்து நின்றானேயன்றி, வாய் திறக்கவில்லை.

அன்று முதல், சிறுவர்களைப் பாடச் செய்து கேட்ட பின்னரே சுருதிப் பெட்டியைத் தொடுவேன். மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளை ஆசிரியர் ஆவீர்கள். குழந்தைக்குப் பாட்டைக் கற்பிக்குமுன் அதன் குரலைக் கேளுங்கள். ஸ்வரத்தின் பெயரை எப்பொழுது வேண்டுமானாலும் சொல்லித் தரலாம். ஒரு முறை அடக்கிவிட்ட குரலை மீட்பது அரிது.