புது லேப்டாப்: ஆன்டிவைரஸுக்குப் பணம் கட்ட வேண்டுமா?



ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிரமப்பட்டு லேப்டாப் வாங்கித் தருகிறோம். சில வாரங்களில், "பாதுகாப்பு முடிந்தது, பணம் செலுத்துங்கள்" என்று திரையில் வரும். பதற வேண்டாம். லேப்டாப்புடன் வந்த ஆன்டிவைரஸின் இலவசக் கெடு முடிந்திருக்கும், அவ்வளவுதான். அதை நீக்கிவிட்டால், விண்டோஸிலேயே உள்ள 'டிஃபெண்டர்' தானாக இயங்கும். அது இலவசம், வீட்டு உபயோகத்திற்குப் போதும்.

இன்டர்நெட் பார்க்கும்போது, "வைரஸ் வந்துவிட்டது, இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று வந்தால் அது மோசடி. பேசாதீர்கள்.

கூடுதல் பாதுகாப்பு வேண்டுவோர் சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் போன்றவற்றை வாங்கலாம். ஒன்று போதும், இரண்டு போட்டால் லேப்டாப் மந்தமாகும்.

ஆன்டிவைரஸைவிட முக்கியம் அப்டேட். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' வைரஸ் பல நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் கார் ஆலையும் பாதிக்கப்பட்டது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போட்டவர்கள் தப்பித்தார்கள்.

எனவே:

• அப்டேட் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள்.

• பழைய லேப்டாப் வாங்கினால் விண்டோஸ் 11 ஓடுமா என்று கேளுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது.

• திருட்டு சாஃப்ட்வேரை ஏற்றாதீர்கள். வைரஸ் அதன் வழியாகவும் வருகிறது.

• ப்ராஜெக்ட், சான்றிதழ்களைப் பென் டிரைவிலும் ஒரு பிரதி வையுங்கள்.

பணம் பறிபோனால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். வெட்கப்பட்டுத் தாமதித்தால் மீட்பது கடினம்.