மெதுவாக இறங்கும் மின்னல்

மும்பையின் கிழக்கு ஓரத்தில், டிராம்பே குன்றை ஒட்டி இருக்கிறது அணுசக்தி நகர். பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பணிபுரிவோர் குடியிருக்கும் ஊர் அது. இந்தியாவின் முதல் அணு உலையான அப்சரா 1956 ஆகஸ்ட் 4 அன்று டிராம்பேயில்தான் இயங்கத் தொடங்கியது. அதற்கான மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகளை ஏ.எஸ். ராவ் தலைமையிலான குழு உள்நாட்டிலேயே செய்து முடித்தது. அந்த அனுபவத்திலிருந்துதான் 1967இல் ஹைதராபாத்தில் இ.சி.ஐ.எல். என்ற மின்னணு நிறுவனம் பிறந்தது.

அப்சரா காலத்துக் கருவிகளில் இருந்தவை கண்ணாடிக் குழாய் வால்வுகள். நூற்றுக்கணக்கான வோல்ட்டைச் சாதாரணமாகத் தாங்குபவை. தொடுபவரின் உடம்பில் தங்கியிருக்கும் நிலை மின்சாரத்தால் அவற்றுக்கு ஆபத்தில்லை. இன்று அதே வேலையைச் செய்யும் சிப்பின் கதை வேறு. அதனுள் இருக்கும் லட்சக்கணக்கான டிரான்சிஸ்டர்களில், ஒவ்வொன்றின் ‘கேட்’ எனும் வாயில் முனையையும் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் மின்காப்பாகப் பிரித்து வைக்கிறது. படலம் 10 நானோமீட்டர் தடிமன் என்றால், சுமார் 10 வோல்ட்டிலேயே அது துளைபடலாம். சிப்பின் கால்களில் பாதுகாப்புச் சுற்று வைத்துத் தாங்கும் திறனைக் கூட்டுகிறார்கள். ஆனாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. அதனால் சிப்பைக் கையாளும் அறையில் தரையே ஒரு மின்கருவியாக மாற வேண்டியிருக்கிறது.

நடக்கும்போது நம் உடம்பில் என்ன நடக்கிறது? செருப்பின் அடிப்பாகம் தரையைத் தொட்டுப் பிரியும் ஒவ்வொரு முறையும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சில எலெக்ட்ரான்கள் இடம் மாறுகின்றன. அவை திரும்பிப் போக வழியில்லாவிட்டால் அடிக்கு அடி மின்னூட்டம் சேரும். வறண்ட காற்றில் சாதாரண வினைல் தரைமீது நடப்பவரின் உடம்பு 12,000 வோல்ட் வரை ஏறலாம். கதவுப் பிடியைத் தொட்டதும் சுரீர் என்று கடிக்கிறதே, அந்தப் பொறியை நாம் உணர்வதற்கே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே நடப்பது எதுவும் நமக்குத் தெரியாது. சிப் செத்துப்போவது பெரும்பாலும் அந்தத் தெரியாத எல்லைக்குள்தான்.

மும்பை கடலோர ஊராயிற்றே, ஈரக் காற்று காப்பாற்றாதா என்று கேட்கலாம். ஓரளவு காப்பாற்றும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் பொருள்களின் மேல் மெல்லிய நீர்ப்படலம் படியும். மின்னூட்டம் அதன் வழியே கசியும். அதே வினைல் தரையில் 12,000 வோல்ட் வெறும் 250 ஆகக் குறையும். ஆனால் மின்னணுத் தொழிற்கூடங்களுக்கான உலகத் தர விதிகள் நடப்பவரின் உடம்பில் அனுமதிப்பது 100 வோல்ட்டுக்குள்தான். அடைமழைக் காலமும் அந்தத் தேர்வில் தோற்கிறது. ஏ.சி. ஓடும் அறையிலோ ஈரம் இன்னும் குறைவு.

ஆகவே மின்னூட்டம் இறங்கத் தரையில் வழி வேண்டும். இரும்புத் தகடு பதித்துவிடலாமே? அங்கேதான் இந்தப் பொறியியலின் நுட்பம் இருக்கிறது. ஏரி நிறைந்தால் கரை உடைந்தும் வெளியேறும், மதகு வழியாகவும் வெளியேறும். ஊருக்கு நல்லது மதகுதான். மின்னூட்டமும் ஒரே பாய்ச்சலில் இறங்கினால் அதுவே பொறி. அத்துடன், தடையே இல்லாத தரையில் நிற்பவர் தவறி 230 வோல்ட் கம்பியைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. வழியில் 10 லட்சம் ஓம் மின்தடை இருந்தால், அதே 230 வோல்ட் செலுத்தக்கூடிய மின்னோட்டம் 0.23 மில்லி ஆம்பியர் மட்டுமே. பெரும்பாலும் உணரக்கூட முடியாத அளவு. மணிக்கட்டில் கட்டும் எர்த் பட்டையினுள் 10 லட்சம் ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைப்பதும் இதற்காகத்தான்.

தடையின் மேல் எல்லைக்கும் கணக்கு உண்டு. மனித உடம்பு சுமார் 100 பிக்கோஃபாரட் மின்தேக்கி. தரைவழித் தடை 100 கோடி ஓம் என்றால், மின்னூட்டத்தின் பெரும்பகுதி இறங்க ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி ஆகும். அடுத்த அடி எடுத்துவைக்க அரை நொடியாவது ஆகுமே! சேர்வதற்குள் வடிந்துவிடும். தர விதிகள் 100 கோடி ஓமை மேல் வரம்பாக வைத்திருப்பது இதற்குப் பொருந்துகிறது.

கட்டுமானம் எளிமையானது. கரி கலந்து மின்சாரம் கடத்தும்படி செய்த வினைல் டைல்ஸ், அல்லது கரி கலந்த எபாக்ஸி பூச்சு. டைல்ஸுக்கு அடியில் மின்கடத்தும் பசை, அதனுள் தாமிரப் பட்டைகள். பட்டைகளின் முனை கட்டடத்தின் மின் எர்த்துடன் இணையும். மேசை, சால்டரிங் கருவி, ஆள் எல்லாம் ஒரே எர்த்தில் சேர்வதே நோக்கம். எல்லாம் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ மின்னூட்டத்துக்குக் காரணமே இல்லை.

ஆனால் ரப்பர் செருப்பு போட்டவருக்கு இந்தத் தரை இருந்தும் இல்லாதது போலத்தான். குதிகாலில் மின்கடத்தும் பட்டை கட்ட வேண்டும், அதுவும் இரண்டு கால்களிலும். நடக்கும்போது பெரும்பாலான நேரம் ஒரு கால் தூக்கியே இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கிக்கொள்பவருக்கு மணிக்கட்டுப் பட்டையே துணை. தரை பளபளக்க வேண்டுமென்று யாராவது சாதாரண மெழுகுப் பாலிஷ் போட்டுவிட்டால் முழு ஏற்பாடும் வீண். எர்த் கம்பி கழன்றாலும் அப்படியே. இரண்டு நிலையிலும் தரை பார்வைக்குப் பழையபடியே இருக்கும். அதனால்தான் தலா 2.27 கிலோ எடையுள்ள மின்முனைகளைத் தரையில் வைத்து, மீட்டரால் ஓம் கணக்கை அவ்வப்போது அளக்கிறார்கள்.

அடிபட்ட சிப் உடனே செத்தால் சோதனையில் பிடிபடும். அரைகுறையாக அடிபட்டது சோதனையில் தேறி, மாதங்கள் கழித்து, மருத்துவமனை மானிட்டரிலோ அணு உலையின் அளவுகருவியிலோ பழுதாகும். அப்போது காரணம் தேடி யாரும் பழைய தரைக்குப் போவதில்லை. ஸ்ரீபெரும்புதூர் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் போகவிருக்கும் நம் பொறியியல் மாணவர்கள் சால்டரிங் இரும்பைப் பிடிக்கக் கற்கும் அன்றே தரையை அளக்கவும் கற்க வேண்டும். ஒரு மீட்டர், இரண்டு எடைகள், ஒரு குறிப்பேடு இருந்தால் எந்தக் கல்லூரி ஆய்வகமும் இதை நாளையே தொடங்கலாம்.