கொழுந்து மடுவமும் கணினியின் சுழற்சியும்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, நக்கிள்ஸ் மலைத்தொடரை அடுத்து அமைந்துள்ளது ஹுன்னஸ்கிரிய. அம்மலைநாட்டில் கொழுந்து மடுவத்தை அறியாதார் யார்? அங்கே பத்துக் கூடைகள் வரிசையாக இருப்பதாகக் கொள்வோம். கணக்கப்பிள்ளை முதற் கூடையில் தொடங்குகிறார். பத்தைக் கடந்தோமா என்று பார்க்கிறார். கடக்கவில்லையேல் நிறுத்து எழுதுகிறார். அடுத்த கூடைக்கு நகர்கிறார். தொடக்கம், நிபந்தனை, வேலை, நகர்வு என்னும் இந்நான்கும் சேர்ந்ததே சுழற்சி.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995ஆம் ஆண்டு வெளியிட்ட ஜாவா என்னும் கணினி மொழி, கோப்பியின் பெயரைத் தாங்கியது. கண்டி மலைகளிலும் தேயிலைக்கு முன்னர்க் கோப்பியே செழித்தது என்பது நினைவுகூரத் தக்கது. அம்மொழியில் 'ஃபார்' என்னும் சுழற்சி தொடக்கம், நிபந்தனை, நகர்வு மூன்றையும் தலைப்பிலேயே வைத்திருக்கும். 'வைல்' நிபந்தனையை மட்டுமே தலைப்பில் வைக்கும். ஆகவே முன்னதைப் பின்னதாக மாற்றுவோர், தொடக்கத்தைச் சுழற்சிக்கு முன்னும், நகர்வை வேலையின் இறுதியிலும் எழுதுதல் வேண்டும். 'டூ வைல்' என்பதோ முதலில் வேலையைச் செய்துவிட்டுப் பின்னரே நிபந்தனையைப் பார்ப்பது. கூடையே வராத நாளிலும் அது ஒருமுறை நிறுக்கும்! கூடை உண்டா என்பதை முன்கூட்டியே 'இஃப்' கொண்டு சோதித்தால் இப்பிழை நேராது.

மாற்றும்போது மறைந்திருக்கும் பள்ளம் ஒன்றுண்டு. வெறுங்கூடையைத் தாண்டிச் செல்லக் 'கன்டினியூ' என்று எழுதுகிறோம். 'ஃபார்' சுழற்சியில் அது நேரே நகர்வுக்குச் செல்லும். 'வைல்' சுழற்சியிலோ நிபந்தனைக்குத் திரும்பிவிடும். இறுதியில் எழுதிய நகர்வு நிகழாது. கணக்கப்பிள்ளை அந்த வெறுங்கூடையின் முன்னே முடிவின்றி நிற்பார். ஆதலால் தாண்டுமுன் அங்கேயும் நகர்வை எழுத வேண்டும்.

எண்ணிக்கையிலும் விழிப்பு வேண்டும். ஒன்றில் தொடங்கிப் 'பத்துக்குக் குறைவாக' என்று எழுதினால் பத்தாவது கூடை விடுபடும். அதனை முதுகில் சுமந்து வந்த பெண்ணின் உழைப்பும் கணக்கில் ஏறாது. 'பத்து அல்லது அதற்குக் குறைவாக' என்பதே சரி.

பயில விரும்புவோர் ஒரு தாளை எடுத்து, மூன்று கூடைகளுக்கு 'ஃபார்' சுழற்சி எழுதி, 'வைல்' வடிவாக மாற்றி, ஒவ்வொரு படியையும் கையாலே கணக்கிட்டுப் பாருங்கள். வேலை மூன்று முறையும், நிபந்தனைச் சோதனை நான்கு முறையும் நிகழக் காண்பீர்கள். பின்னர் இரண்டாவது கூடையை வெறுமையாக்கியும், கூடையே இல்லாமலும் சோதியுங்கள். மூன்று சோதனையிலும் இரு வடிவங்களும் ஒரே விடையைத் தந்தால், உங்கள் மாற்றத்தை நம்பலாம்.