கேஷுவாலிட்டியில் தெரியவரும் சர்க்கரை

பைக்கிலிருந்து சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட நாற்பது வயதுக்காரர் ஒருவரைக் கேஷுவாலிட்டிக்குக் கொண்டுவருகிறார்கள் என்று வையுங்கள். விரல் நுனியில் குத்தி குளுக்கோமீட்டரில் பார்த்தால் 218. “சுகர் இருக்கா?” என்று நர்ஸ் கேட்கிறார். “அதெல்லாம் இல்ல சிஸ்டர்.” எண் கேஸ் ஷீட்டின் ஓரத்தில் ஏறுகிறது. பிறகு எக்ஸ்ரே, மாவுக்கட்டு, வலி மாத்திரை. மறுநாள் அவர் கையில் கொடுக்கப்படும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எலும்பு முறிவு மட்டும்தான் இருக்கும். 218 கேஸ் ஷீட்டோடு ரெக்கார்டு ரூமுக்குப் போய்விடும்.

சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2025 கணக்குப்படி உலகில் வயது வந்தோரில் 58.9 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. அவர்களில் சுமார் 25 கோடிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. செக்கப்புக்கு ஒருநாளும் போகாதவர்களும் அடிபட்டால், நெஞ்சு வலித்தால், மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிக்கு வந்துதான் ஆக வேண்டும். வந்ததும் ரத்தமும் எடுக்கிறார்கள். அந்த ரத்தத்திலேயே சர்க்கரை நோயையும் தேடிவிட்டால் என்ன?

பதற்றத்தில் ஏறியதா, நோயா?

உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி வந்தால் அட்ரினலினும் கார்டிசோலும் கூடும். கல்லீரல் தன்னிடம் இருக்கும் குளுக்கோஸை ரத்தத்தில் கொட்டும். நோயே இல்லாதவருக்கும் அப்போது சுகர் எகிறலாம். வீசிங்குக்கு ஸ்டீராய்டு போட்டிருந்தாலும், குளுக்கோஸ் டிரிப் ஓடிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். ஆகவே “டென்ஷன்ல ஏறியிருக்கும்” என்று டாக்டர் சொல்வது சப்பைக்கட்டு அல்ல. ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்து நோய் இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது.

இங்கேதான் எச்பிஏ1சி உதவுகிறது. சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் எவ்வளவு குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்று பார்க்கும் சோதனை இது. கடந்த இரண்டு மூன்று மாதங்களில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்பதைக் காட்டும். நேற்று நடந்த விபத்து இதை அசைக்காது. 6.5 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் சர்க்கரை நோய். 5.7 முதல் 6.4 வரை என்றால் அதற்கு முந்தைய நிலை. வெறும் வயிறு தேவையில்லை, இரவு இரண்டு மணிக்கும் எடுக்கலாம். ரத்த அணுக்களை எண்ணுவதற்காக ஊதா மூடி போட்ட குழாயில் எடுத்த ரத்தமே இதற்கும் போதும். இன்னொரு முறை குத்த வேண்டாம்.

மேற்கு சிட்னியில் செய்து பார்த்தார்கள்

ஆஸ்திரேலியாவில் மேற்கு சிட்னியின் பிளாக்டவுன் ஆஸ்பத்திரி இதைச் செய்து பார்த்தது. ஆறு வார காலம், எதற்காகவோ எமர்ஜென்சிக்கு வந்து ரத்தம் கொடுத்தவர்களில் சுகர் சற்றே கூடியிருந்தவர்களின் ரத்தத்தை எச்பிஏ1சிக்கும் உட்படுத்தினார்கள். 2016இல் வெளிவந்த அந்த ஆய்வில், அப்படிப் பரிசோதித்த 1,267 பேரில் 38 சதவீதத்தினரின் அளவு சர்க்கரை நோய் வரம்பில் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நோய் புதிதாகத் தெரியவந்தது. இன்னும் 27 சதவீதத்தினர் முந்தைய நிலையில் இருந்தார்கள். தெற்காசியர்கள் நிறையப் பேர் வாழும் பகுதி அது. டூங்காபி, பெண்டில் ஹில் என்று நம் தமிழர்கள் குடியேறிய இடங்களும் பக்கத்தில்தான்.

எல்லோருக்கும் எடுக்க வேண்டுமா?

வேண்டாம் என்றே நினைக்கிறேன். பாம்புக்கடிக்கு வந்த பத்து வயதுப் பையனுக்கு இது வீண். வயது முப்பத்தைந்தைத் தாண்டியவர், தொப்பை உள்ளவர், அப்பா அம்மாவுக்கு சுகர் இருப்பவர், பிரசவ காலத்தில் சுகர் வந்து போனவர், ஆறாத கால்புண்ணோடு வந்தவர், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர் ஆகியோருக்கு எடுத்தால் பலன் உண்டு. மாரடைப்பு வந்தவருக்கு எச்பிஏ1சி பார்க்காமல் அனுப்புவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

இந்தச் சோதனையும் ஏமாற்றும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். நம் ஊர்ப் பெண்களிடம் ரத்தசோகை எவ்வளவு பரவலானது என்பது தெரிந்ததுதான். அதிக ரத்தம் போனவர், ரத்தம் ஏற்றிக்கொண்டவர், டயாலிசிஸ் செய்பவர், கர்ப்பிணி ஆகியோருக்குக் குறைவாகக் காட்டலாம். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே சோதனையை நம்பி நோயாளி என்று முத்திரை குத்தக் கூடாது. இரண்டாவது சோதனையும் அதையே சொல்ல வேண்டும்.

முடிவை யார் சொல்வது?

என் பார்வையில் சோதனையைவிட இதுதான் கடினம். கேஷுவாலிட்டி டாக்டருக்கு அடுத்த ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது. லேப் ரிப்போர்ட் வரும்போது நோயாளி வார்டுக்கு மாறியிருப்பார், அல்லது வீட்டுக்கே போயிருப்பார். எலும்பு டாக்டர் எலும்பைப் பார்ப்பார். சுகரைச் சொல்வது தன் வேலை என்று யாருக்கும் எழுதி வைக்கவில்லை. ரிப்போர்ட்டில் அளவு கூடியிருந்தால் நோயாளியைக் கூப்பிட்டுச் சொல்ல ஒருவரை நியமிக்காத ஆஸ்பத்திரி, இந்தச் சோதனையைத் தொடங்காமல் இருப்பதே மேல். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கேஷுவாலிட்டியில் கண்டுபிடிக்கப்பட்டவரின் பெயர் அந்தத் திட்டத்தின் பட்டியலுக்குப் போய்ச் சேர ஒரு வழி மட்டும் போட வேண்டும்.

வீட்டுக்குக் கிளம்பும் முன்

அட்டெண்டராக நிற்பவர் கேட்டு வாங்க வேண்டியது ஒன்று உண்டு: “சுகர் எவ்வளவு இருந்துச்சு? அதையும் சம்மரில எழுதிக் குடுங்க.” லேப் ரிப்போர்ட்டை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எச்பிஏ1சி எடுக்கவில்லை, சுகர் மட்டும் கூடியிருந்தது என்றால், உடம்பு தேறிய சில வாரங்களில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறும் வயிற்றில் பாருங்கள். 126ஐத் தொட்டால் மறுபடி ஒருமுறை பார்த்து உறுதி செய்வார்கள்.

இவ்வளவு அவகாசம் எல்லோருக்கும் இல்லை. சுகர் மிகவும் கூடி, வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சிரைப்பு, அரைமயக்கம் ஆகியவையும் இருந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறிக்கொண்டிருக்கலாம். அவரை அன்றே அட்மிட் செய்து, கீட்டோன் பார்த்து, டிரிப்பும் இன்சுலினும் தொடங்க வேண்டும்.