பிக்கப்புக்கு எக்ஸ்ட்ரா பட்டை போட்டா அடி தட்டாதா? லோடு வண்டி ஓட்டுறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மை, ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர் என லோடு ஏற்றும் பிக்கப் வண்டிகளுக்குப் பொதுவான தலைவலி ஒன்று உண்டு. எடை ஏறினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும், வேகத்தடையில் அடி தட்டும். ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டா சரியாயிடும் என்பதுதான் பலரும் சொல்லும் யோசனை. உண்மையிலேயே சரியாகுமா?

எது தட்டுகிறது என்பதைப் பொறுத்தது. கமான் பட்டை தாங்குவது சேஸியையும் பாடியையும்தான். பட்டை சேர்த்தால் பம்பர், ஸ்டெப்னி, சைலன்சர் குழாய் எல்லாம் உயரும். ஆனால் பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் இருக்கிறதே, அது அச்சோடு சேர்ந்தது. அதைத் தாங்குவது டயர். எத்தனை பட்டை போட்டாலும் அது ஒரு இன்ச் கூட ஏறாது. மேடு பள்ளத்தில் பெரும்பாலும் முதலில் உரசுவதும் அதுதான்.

பீங்கானுக்கு இன்னொரு சிக்கல். பட்டை கூடினால் ஸ்பிரிங் விறைப்பாகும், குழியில் விழும் அதிர்ச்சி அப்படியே சரக்குக்குப் போகும். வைக்கோல் வைத்துக் கட்டினாலும் உடையும் வாய்ப்பு அதிகம். காலியாகத் திரும்பும்போது பின்பக்கம் துள்ளும்; ஈர ரோட்டில் டயர் பிடிக்காது.

பிரேக் விஷயம் இன்னும் முக்கியம். சில பிக்கப்களில் பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்தே பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு இருக்கும். பட்டை போட்டு உயர்த்தினால், முழு லோடு இருந்தும் வண்டி காலி என்று அது நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் குறையும்.

டிரெய்லர் இழுப்பவர்கள் பட்டைக்கு மேலே இருக்கும் அச்சைக் கீழே மாற்றிக் கட்டுவதும் உண்டு. டிரெய்லர் நன்றாகவே உயரும். ஆனால் வண்டியில் உள்ள கொக்கியையும் அதே அளவு உயர்த்தாவிட்டால் டிரெய்லர் முன்பக்கம் சாயும், எடை பிக்கப்பின் முதுகில் ஏறும். மறுபடியும் பின்பக்கம் உட்காரும்!

சட்டம் என்ன சொல்கிறது? நிறுவனம் கொடுத்த வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓவர்லோடுக்குத் தனியாக 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய். பட்டை போட்டதால் ஆர்.சி.யில் உள்ள எடை வரம்பு கூடிவிடாது.

அப்போ என்ன செய்யலாம்? முதலில் எடை மேடையில் ஏற்றி, ஆர்.சி. எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எடை சரியாக இருந்தும் தாழ்கிறது என்றால் பழைய பட்டை தளர்ந்திருக்கும். அதே அளவில் புதுப் பட்டை, புது புஷ் போட்டு, யூ போல்ட்டை முறுக்கினாலே பழைய உயரம் வந்துவிடும். இதற்கு யார் அனுமதியும் தேவையில்லை.