மாறும் மதிப்பும் மாறாத திரையும்

ஆற்றில் வெள்ளம் ஏறிவரும் வேளையில் அளவுகோலைப் பார்த்துச் சொல்பவர் ஒருவர். அதைக் கேட்டு அறிவிப்புப் பலகையில் எழுதுபவர் மற்றொருவர். முன்னவரின் குரல் பின்னவர் காதில் விழாவிடில் பலகையில் பழைய எண்ணே நிற்கும். அதைக் காண்போர் ஐயுறவும் மாட்டார்கள். கணிப்பொறியின் வலைப்பக்கங்களிலும் இவ்வாபத்து உண்டு.

மதிப்பு மாறியவுடன் திரையும் தானே மாறுமாறு செய்யும் சாதனங்களுள் ஒன்று, ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அமைந்த 'வியூ' என்னும் கட்டமைப்பாகும். இவான் யூ என்பார் இதனை 2014-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 2020-இல் வெளிவந்த இதன் மூன்றாம் பதிப்பில், மாறும் தகவலை வைப்பதற்கு முக்கியமாக இரண்டு வகைகள் உள்ளன. அவை 'ரெஃப்', 'ரியாக்டிவ்' என்பன.

'ரெஃப்' ஒரு பெட்டியைப் போன்றது. எண், சொல், பட்டியல் ஆகிய எதனையும் அதனுள் வைக்கலாம். நிரலில் அதைப் படிப்பதும் மாற்றுவதும் 'வேல்யூ' என்னும் ஒரே வாசல் வழியாக நிகழ்கின்றன. வாசல் ஒன்றேயாதலால் எந்த மாற்றமும் கவனத்துக்குத் தப்புவதில்லை. உள்ளிருப்பதை முழுதும் எடுத்துவிட்டுப் புதியதை வைத்தாலும் திரை அதனை அறியும்.

'ரியாக்டிவ்' என்பதோ பொருளின் முன் நிற்கும் காவலன். ஜாவாஸ்கிரிப்டின் 2015-ஆம் ஆண்டுத் தர வரையறையில் இடம்பெற்ற 'பிராக்ஸி' என்னும் வசதியே இதற்கு அடிப்படை. 'வேல்யூ' என்று எழுதும் சிரமம் இதில் இல்லை. ஆனால் இது தொகுப்புகளை மட்டுமே காக்கும். தனி எண்ணையோ சொல்லையோ காவாது. மேலும், தொகுப்பு முழுவதற்கும் பதிலாக வேறொன்றை வைத்தால் பழைய தொடர்பு அறுந்துவிடும்.

ஓர் உதாரணம் காண்போம். நிலையம், தேதி, மழையளவு ஆகியவை அடங்கிய பதிவு ஒன்று 'ரியாக்டிவ்' வகையில் உள்ளது. மழையளவாகிய 12 மில்லிமீட்டரை மட்டும் தனியே பிரித்தெடுத்துத் திரையில் காட்டுகிறார் நிரல் எழுதுபவர். பின்னர் பதிவில் 64 என்று மாறுகிறது. திரையிலோ 12 என்பதே நிற்கிறது. ஏனெனில் பிரித்தெடுக்கப்பட்டது வெறும் நகல். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. 'டூரெஃப்ஸ்' என்னும் துணைச் செயலைக் கொண்டு பிரித்திருந்தால் தொடர்பு நிலைத்திருக்கும்.

ஆகவே, பொதுவாக 'ரெஃப்' வகையைக் கைக்கொள்வதே நலம். வியூவின் அதிகாரபூர்வமான வழிகாட்டியும் இதனையே பரிந்துரைக்கிறது. ஒன்றாகவே இருந்து, முழுதும் மாற்றப்படாத தொகுப்புகளுக்கு 'ரியாக்டிவ்' ஏற்றது. மிகப் பெரிய பட்டியலை ஒவ்வொரு முறையும் முழுதாக மாற்றுவதானால், உட்கூறுகளைக் கண்காணியாத 'ஷாலோரெஃப்' வேலையைக் குறைக்கும்.

எவ்வகையைத் தேர்ந்தாலும், மதிப்பை ஒருமுறை மாற்றித் திரையும் மாறுகிறதா என்று சோதித்த பின்னரே அப்பக்கத்தைப் பிறர் உபயோகத்துக்கு விடுதல் வேண்டும்.